லாச்சியின் அரை அங்குலம்

என் மேல் எனக்கிருக்கும் கோபத்தைச் சொல்லி மாளாது. மகாராஜாவின் லாயத்தில் இருபது வருடம் குதிரைகளோடு கிடந்தவன் நான். அப்படிப்பட்டவன் செய்கிற வேலையா அது?

போலோ என்றால் ஜவந்த் சிங் என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகளே எழுதின காலம். அவர் என் தங்கை வீட்டுக்காரர். எல்லாரும் அவர் கையிலிருந்த மட்டையைப் புகழ்வார்கள். பாதி ஆட்டம் லாச்சியுடையது என்பார் அவர். லாச்சி மகாராஜாவின் லாயத்துக் குதிரைதான், ஆனால் அவர் குட்டியிலிருந்து பழக்கிய பெண்குதிரை. அவர் இடுப்பை லேசாக அசைத்தால் போதும், திரும்பிவிடுவாள்.

போலோக் குதிரைக்கு உயரக் கணக்கு உண்டு. அம்பாலா ராணுவப் பாளையத்தில் கல் மேடைமேல் நிறுத்தி, லாடத்தைக் கழற்றி, தோளில் அளவுகோல் வைப்பார்கள். கூடுதல் என்று எழுதிவிட்டால் அந்த வருடம் ஆட்டமே கிடையாது. அதனால் எல்லா லாயக்காரனும் இரண்டு நாள் குதிரையை ஓட்டு ஓட்டென்று ஓட்டி, குளம்பைச் சீவி, தலை தொங்கத்தான் மேடைக்குக் கொண்டுவருவான், களைத்த குதிரை அளவில் குறைந்து நிற்கும் என்று. இது எனக்குத் தெரியாததா? ஆனால் ஜவந்த் சிங்கின் குதிரையைப் பிச்சைக்காரி மாதிரி வெள்ளைக்காரன் முன்னால் நிறுத்துவதா என்று எனக்கொரு வீம்பு. கடலையும் வெல்லமும் கொடுத்து, ஓய்வெடுக்க விட்டு, மினுமினுவென்று தேய்த்துக் கல்யாணப் பெண் மாதிரி கூட்டிப்போனேன். அவளும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நின்றாள். அரை அங்குலம் கூடுதல் என்று எழுதிவிட்டார்கள்.

ஆடாத குதிரைக்குத் தீனி எதற்கு என்று திவான் அவளை விற்றார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் கேட்கவில்லை. வாங்கியவர் கேப்டன் வில்மட். அடுத்த வருடம் அதே மேடையில், ஓட்டி ஓட்டி ஓய்ந்துபோன லாச்சி தலை கவிழ்ந்து நின்றாள். அளவு சரியாக இருந்தது. 

ஜவந்த் சிங் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். நேராகக் கேப்டனிடம் போய், அவளை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோப்பையை உன் அணி ஜெயித்தால் தருகிறேன், தோற்றால் அடுத்த கப்பலில் சீமைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்றார் கேப்டன்.

இறுதி ஆட்டம் கேப்டனின் அணியோடுதான். கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கோல். கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டு எங்கள் கோல் கம்பங்களை நோக்கிப் பறக்கிறார், லாச்சி மேல். ஒரு குதிரை நீளம் பின்னால் ஜவந்த் சிங். எட்டிப்பிடிக்க வழியே இல்லை. ஆனால் அவர் நாக்கை இரண்டு தடவை சொடுக்கினால் லாச்சி எந்த ஓட்டத்திலும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுவாள். அப்படிப் பழக்கியிருந்தார். நான் எல்லைக் கோட்டிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன், சொடுக்குங்கள் என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. ஆட்டம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

அவர் இறங்குவதற்குள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க, மாப்ளே?"

"என் பின்னாடியே ரெண்டு குதிரை முழு வேகத்துல வந்துச்சு மச்சான். அவ நின்னிருந்தா நாங்க மூணு பேரும் அவமேலதான் விழுந்திருப்போம்."

"ஆனா அவ நம்மகிட்ட வந்திருப்பாளே."

"கால் ஒடஞ்ச குதிரைக்கு இங்க என்ன வைத்தியம்? துப்பாக்கிதானே."

 அதற்குள் கேப்டன் லாச்சி மேலிருந்தபடியே வந்து கை குலுக்கினார். நல்ல குதிரைதான், ஆனால் சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறாள், ஊரில் போய் முள் கடிவாளம் போடப்போகிறேன் என்றார்.

ஜவந்த் சிங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயோரத்தில் ஏற்கெனவே ரத்தம் கசிந்திருந்தது.

"முள்ளெல்லாம் வேணாம் சாகிப். நாக்கை ரெண்டு தடவை சொடுக்குங்க, நின்னுடுவா."

சொல்லிவிட்டாரே மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன் அங்கேயே ஒரு சுற்று ஓட்டி, சொடுக்கிப் பார்த்தார். லாச்சி சட்டென்று நின்றாள். நின்று, ஜவந்த் சிங் எங்கே என்று கழுத்தைத் திருப்பித் தேடினாள். அவர் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி மைதானம் நடந்துவிட்டிருந்தார்.