கூட இருந்தது யாரு?

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த முன்னாள் ராணுவத்தினர் முப்பது பேரும், குற்றாலம் லாட்ஜ் ஒன்றின் மேல்மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாரல் விட்டு விட்டு அடித்தது. வருஷா வருஷம் ஆனி கடைசி ஞாயிறு நடக்கிற கூட்டம். இந்த வருஷம் சங்கத்துக்கு வெள்ளிவிழா, மலர் போடப் போகிறார்கள். பேசுவதை ரெக்கார்டு பண்ணி டைப் அடித்துத் தர ஆள் தேடியபோது சங்கத்து ஆள் சுந்தரபாண்டியனின் மகள் சங்கரேஸ்வரியின் பெயர் அடிபட்டது. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் முடித்தவள். அப்பா “வேண்டாம்மா” என்றார். அவர் வேண்டாம் என்றதாலேயே சங்கரேஸ்வரி வந்து உட்கார்ந்தாள்.

கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுந்து நம்பரும் ரேங்கும் பேரும் சொல்லி, ஒரே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். முடித்ததும் தலைவர் சுபேதார் பால்வண்ணநாதன் கேட்பார்: “கூட இருந்தது யாரு?” கூட இருந்தவன் கையைத் தூக்கி “ஆமா” என்றால்தான் அது நடந்த கதை. பட்டாளத்துக்காரன் அளக்காமல் இருக்க மாட்டான் என்று அவர்களே போட்டுக்கொண்ட கடிவாளம்.

முதலில் மகாராஜா என்ற பெயருள்ள சிவகிரிக்காரர் எழுந்தார். எண்பத்து மூன்று வயது. “ஏழு வருசம் சர்வீஸ் முடிச்சு ரிசர்வுல அனுப்பிட்டாங்க. எழுபத்தொண்ணுல தந்தி வருது. நான் வயல்ல முழங்கால் சேத்துல நிக்கேன். காலக் கழுவிட்டு அப்படியே ரயில் ஏறுனேன்.” அவ்வளவுதான் சொன்னார்.

“கூட இருந்தது யாரு?”

“ஒருத்தனும் இல்ல சாப். எல்லாம் போய்ச் சேந்துட்டான்.”

அப்படியென்றால் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்க வேண்டும். நின்றார்கள்.

அடுத்தது ஞானதுரை. தென்காசிக்காரர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், சங்கத்துச் செயலாளர். அவர் எழுந்ததுமே சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“ரெண்டாயிரத்து மூணு, காஷ்மீர். நான் அப்போ நாயக். ரோந்து முடிச்சு நானும் ரெண்டு வடக்கத்திப் பசங்களும் திரும்புதோம். விடியப்போற நேரம், பனின்னா பனி, கைய நீட்டுனா கை தெரியாது. போஸ்ட் முள்வேலி வரைக்கும் வந்தாச்சு, ஏன்னு கேக்க நாதி இல்ல. கேட்டா அன்னைக்கு உள்ள ரகசிய வார்த்தையச் சொல்லலாம். யாரு கேட்டா? காவலுக்கு நிக்க சென்ட்ரிய எட்டிப் பாத்தா, நம்ம ரெண்டு மாசப் பட்டாளம் சுந்தரபாண்டி! கொர்ர்ர்னு கொறட்ட!”

ஹால் அதிர்ந்தது. “ஏலே பாண்டி, கனவுல யாருலே வந்தா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சங்கரேஸ்வரிக்குக் காது சுட்டது. அப்பா டெரிடோரியல் ஆர்மி. வருஷத்தில் ரெண்டு மாசம் பயிற்சி, மற்ற நாள் ஆலங்குளத்தில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை, கூப்பிட்டால் எல்லை. காவலில் தூங்கியதற்கு இருபத்தெட்டு நாள் தண்டனை வாங்கி ஊர் திரும்பியவர். பள்ளிக்கூடத்தில் அவள் பேர் சங்கரேஸ்வரி இல்லை, ‘தூங்குனவன் மக’. ஒரு நாள்கூட அப்பா மறுத்துப் பேசியதில்லை.

“கூட இருந்தது யாரு?” என்றார் பால்வண்ணநாதன்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கதைக்கு வருஷா வருஷம் சாட்சி சொல்வதே அப்பாதான். இந்தத் தடவை அது அச்சிலும் ஏறப் போகிறது. டைப் அடிக்கப் போவது அவள் கை.

அப்பாவின் கை மெல்ல மேலே எழும்பியது.

“ஒரு நிமிஷம்” என்று அவள் எழுந்தாள்.

“ஏட்டி, உக்காரு” என்றார் அப்பா.

“யூனிஃபார்ம் போட்டவங்கதான் தாயி இங்க பேசணும்” என்றார் ஒருவர்.

“நான் பேசல. மாமாதான் பேசுதாங்க, கேளுங்க.” மலருக்காக நேற்றுத் தென்காசியில் ஞானதுரை வீட்டில் வைத்துப் பதிந்ததைப் போனில் ஓடவிட்டாள். உங்களுக்கு எப்போதாவது உயிர்பயம் வந்திருக்கிறதா என்று அவள் கேட்டிருந்தாள். அவர் தன்னை மறந்து சொன்னது இப்போது ஹாலில் கேட்டது: *“ஒரே ஒரு தடவ. எதிரிகிட்ட இல்ல, நம்ம போஸ்ட் வாசல்ல. பனியில சென்ட்ரியோட துப்பாக்கிக் குழல் எம் நெஞ்சுக்கு நேரா நிக்கி. மூணு தடவ அதட்டிட்டான். அடுத்தது தோட்டாதான்… அத எழுதாத தாயி, விடு.”*

சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த சென்ட்ரி யாரு மாமா?”

“அது வேற போஸ்ட்டு. வேற வருசம்.” ஞானதுரையின் கழுத்து நரம்பு புடைத்தது. “பெத்த பிள்ளைய இப்படியாலே வளப்பே? ஏலே பாண்டி, சட்டுனு ஆமான்னு சொல்லு. சோறு ஆறுது.”

“அவன அதட்டாதேயும்” என்றார் பால்வண்ணநாதன். “கூட இருந்தவன்தான் சொல்லணும். பாண்டி, எந்திரி.”

சுந்தரபாண்டியன் எழுந்தார். சாரல் ஜன்னல் கண்ணாடியில் தட்டியது. சொல்லிவிடுவார், இந்த வருஷமும் சொல்லித் தொலைத்துவிடுவார் என்று சங்கரேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்! கோன் ஆத்தா ஹை?”

அப்பாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது. நில், யார் வருவது என்று காவலாளி இந்தியில் கேட்கிற கேள்வி. அங்கிருந்த முப்பது பேருக்கும் முதுகு நிமிர்ந்தது.

“என்னலே வெளையாட்டு…” என்றார் ஞானதுரை.

“தம்! கோன் ஆத்தா ஹை?”

ஞானதுரையின் கைகள் தாமாக விலாவைவிட்டு விலகின. கண் அப்பாவின் முகத்தில் இல்லை, நெஞ்சு உயரத்தில், அங்கே இல்லாத ஒரு துப்பாக்கிக் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தம்! கோன் ஆத்தா ஹை?”

மூன்றாவது. அடுத்தது என்ன என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும்.

“ஏலே… நாந்தாம்லே,” என்றார் ஞானதுரை. “ஞானதொர.”

அப்பா மூச்சை விட்டார். நம்பரும் ரேங்கும் பேரும் சொன்னார். “அன்னைக்கும் இதையேதான் சொன்னாரு அண்ணாச்சி. அவருக்கு அந்த ரகசிய வார்த்த மறந்துபோச்சு. சட்டப்படி நான் சுட்டிருக்கணும். நம்மூருப் பேச்சு காதுல விழுந்துச்சு, விரல் மடங்கல. வேலியத் தொறந்து விட்டேன். காவல் கமாண்டருக்குத் தகவல் சொல்லல, அதுவும் என் தப்பு. கேப்டன் ரவுண்டு வந்து, எப்படிலே உள்ள வந்தீங்கன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடியே அண்ணாச்சி எங்கையப் புடிச்சிட்டாரு. ‘என் நாயக் பட்டை போயிரும் பாண்டி. ஒனக்கென்ன, ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயி மோட்டார் கட்டப் போற’ன்னாரு. தூங்கிட்டேன்னு சொன்னேன்.”

“வருசா வருசம் எதுக்குய்யா ஆமான்னே?” என்றார் மகாராஜா.

“மொத வருசம் சொல்லிட்டேன் சித்தப்பா. அடுத்த வருசம் எப்படி மாத்த?”

சங்கரேஸ்வரிக்கு ஞானதுரையைவிட அப்பா மேல்தான் கோபம் பொங்கியது. இருபத்திரண்டு வருஷம். அவளுக்கு மொத்த வயசே இருபத்து மூன்று.

பால்வண்ணநாதன் தொண்டையைச் செருமினார். அவர் ஞானதுரையின் பக்கம் திரும்பவில்லை, சட்டப்படி எல்லாரையும் பார்த்தே கேட்டார்.

“கூட இருந்தது யாரு?”

கீழே கேரளா வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஞானதுரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை அதைவிட்டுப் பிரிந்து, தோள் உயரம் வந்து, அங்கேயே நின்றது. உதடு அசைந்தது.

“போதும், உக்காருங்க அண்ணாச்சி” என்றார் அப்பா.

“போதாது,” என்றாள் சங்கரேஸ்வரி. போனை எடுத்துக்கொண்டு போய் ஞானதுரையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். “சத்தமாச் சொல்லுங்க மாமா. இதுல விழணும்.”

“ஆமா,” என்றார் ஞானதுரை.