பதினேழாம் பிரதியில் இருக்கும் ஆள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது யார் என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். அந்தச் சலுகைகூட இல்லையென்றால் ஒருவன் எதற்கு எழுத வேண்டும்?

முதல் தொடக்கம்: "1998, பிஷ்கெக். பனி பொழிந்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். ஜனவரியில் இங்கே வேறென்ன பொழியும்?)

இரண்டாவது: "புதிய இசையின் விடியலில் இரு இளைஞர்கள்..." (இதுவும் வேண்டாம். எங்களில் ஒருவனுக்கு முப்பத்தெட்டு வயது. விடியலில் இருவருமே எழுந்ததில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். நானும் ஜோல்தோஷும் கேசட் வெளியிடும் நிறுவனம் ஒன்றை அவன் சமையலறையில் நடத்தினோம். பெயர் 'பத்தாம் மாடி'. அவன் கட்டடத்துக்கு ஒன்பது மாடிதான். எங்கள் முதல் வெளியீடு, அவன் வீட்டு வெந்நீர்க் குழாய் நாற்பது நிமிடம் முனகுவது. அவன் பதிவு செய்தான். அட்டையில் போடுகிற தத்துவத்தை நான் எழுதினேன். இரண்டில் குழாய் தேவலை.

2

மொத்தம் நாற்பது பிரதிகள். சந்தையில் சாக்கோடு வாங்கிய பழைய கேசட்டுகளின் மேலேயே பதிந்தோம். எங்கள் பதிவு டெக்கில் பழைய ஒலியை அழிக்கிற பாகம் செத்துப்போயிருந்தது எங்களுக்குத் தெரியாது.*

அதனால் ஒவ்வொரு பிரதியிலும் குழாய்க்கு அடியில் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. ஒன்றில் கல்யாணப் பாட்டு, ஒன்றில் ரஷ்யப் பாடம். பதினேழாம் பிரதியில் ஓர் ஆள் இருந்தார்:

"ஓடுதா இது? ஜூரா, இங்க வா. ஏதாவது பேசேன். ஏன் இப்படிச் சிரிக்கிற?"

நான் புதிய அட்டை எழுதினேன்: "இது மனிதக் குரலல்ல, குழாயின் நினைவு." ஒரு ஜெர்மன் பத்திரிகை அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியது. உள்ளூர் வானொலி அந்தப் பிரதியை ஒலிபரப்பி, யார் இந்த ஜூரா என்று நேயர்களைக் கேட்டது.

(* தெரிந்தேதான் செய்தோம் என்று ஜோல்தோஷ் பிற்பாடு பேட்டிகளில் சொன்னான். நம்பாதீர்கள்.)

3

ஜூரா வந்தார்.

(பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. ஐம்பது வயது, முழங்கைவரை மாவு, லிஃப்ட் ஓடாததால் ஒன்பது மாடி ஏறிய மூச்சு. நானே கற்பனை செய்திருந்தால் மாவையாவது குறைத்திருப்பேன்.)

கதவைத் திறந்ததும் கத்தினார்: "சுயுன்சு! சுயுன்சு குடுங்கப்பா!"

நல்ல சேதியோடு வருகிறவர் இப்படிக் கேட்டால், சேதியைக் கேட்கும் முன்பே பரிசுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தவனை எங்கள் பக்கத்தில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"குடுத்தாச்சுக்கா, சொல்லுங்க," என்றான் ஜோல்தோஷ்.

"ரேடியோல யாரு யாருன்னு கேட்டாங்கல்ல? நான்தான் ஜூரா! அந்தக் குரல் என் வீட்டுக்காரர் அசான்பெக்கு. போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. டேப்பு வாங்குன அன்னிக்குப் பேசுனது. எம் மவன் பெட்டியோட வித்துத் தொலைச்சுட்டான். நீங்க வேற தேடிக்கிட்டு இருக்கீங்களேன்னு மாவைப் போட்டது போட்டபடி ஓடியாந்தேன்."

"பரிசா என்னக்கா வேணும்?"

"அந்தக் கேசட்டுதான், வேறென்ன? அன்னிக்கு வெக்கத்துல வாயே தொறக்கல நான். அந்த மனுசனுக்கு ஒரு பதில் சொல்லணும்ப்பா."

அப்போது ஜோல்தோஷ், "அது மனுசக் குரலே இல்லக்கா, குழாய்ச் சத்தம். உங்களுக்கு அப்படித் தோணுது," என்று சொல்லி

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. பதினோரு வரைவிலும் இங்கேயே நிற்கிறேன்.)

4

சொன்னது ஜோல்தோஷ் இல்லை. அவன் அந்தக் கேசட்டை எடுக்க உள்ளே போயிருந்தான். நான்தான் சொன்னேன். இந்த அம்மாள் சொல்வது உண்மையென்றால் என் தத்துவம் சந்தி சிரிக்குமே என்று பயந்தேன். எழுதும்போதே கூசுகிறது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழாய்க்கு எப்படிப்பா எம் பேரு தெரியும்?"

ஒன்பது மாடியும் இறங்கிப் போனார்.

கேசட்டோடு வெளியே வந்த ஜோல்தோஷ், "எங்கடா அக்கா?" என்றான்.

"அவங்க தேடுறது வேற ஆளாம். தப்பா வந்துட்டாங்க."

"அடப் பாவமே. அப்ப நீயே வச்சுக்க. இந்தக் குழாயைப் பேச வச்சவன் நீதானே," என்று என் சட்டைப்பையில் போட்டான்.

5

முடிவுகள்.

அ) நான் கேசட்டோடு போவதற்குள் ஜூரா அக்காவுக்குக் காது முழுக்கப் போய்விடுகிறது. சோகம். எழுதச் சுலபம்.

ஆ) என்னை மன்னித்துத் தேநீர் ஊற்றுகிறார். (எனக்கு ரொம்பத்தான் வசதி.)

இ)

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூரா அக்கா அசான்பெக்கோடு வாழ்ந்த அதே வீட்டில்தான் இருக்கிறார், நான்காம் மாடி. காது மந்தமாகிக்கொண்டே வருகிறது என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள். நான் இப்போது அவர் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே டிவி அலறுகிறது. பக்கத்தில் பதினேழாம் பிரதி, அதற்குப் பக்கத்தில் நான் முதுகு ஒடியத் தூக்கி வந்த அந்தப் பழைய டெக். கதை முடியாதவரை மணியடிக்க வேண்டாமே என்றுதான் இவ்வளவு நீட்டினேன். நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஆகவே மணியை நீங்கள் அடியுங்கள். விடாமல் அடியுங்கள், மெல்லத்தான் கேட்கும். கதவு திறந்ததும் என்ன கத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பரிசு என்ன வேண்டும் என்று கேட்டால், அதை இருபத்தாறு வருஷம் முன்பே ஒருத்தன் அமுக்கிக்கொண்டான் என்று சொல்லுங்கள். என்னைக் கையால் காட்டினாலும் சரி.

கேசட்டை முதலில் ஓடவிடுங்கள். அசான்பெக் பேசி முடித்ததும் பின்னால் சுற்றி, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்து நில்லுங்கள். அக்கா பேசட்டும். அசான்பெக்கின் குரல் கொஞ்சம் மங்கும், ஆனால் போய்விடாது. இந்த டெக்கை நாங்கள் இன்னும் ரிப்பேர் செய்யவில்லை.