வைரக்கண்ணுவின் மதியச் சோறு

வைரக்கண்ணுவைப் போலீஸ் கொண்டுபோன மறுநாளிலிருந்து, மேலப்படுகை கிராமத்து வீட்டில் அவருக்காகப் போட்டு வைத்த சோறு மதியந்தோறும் தானாகத் தீர்ந்துகொண்டிருந்தது. முதலில் குழம்பு ஊற்றிய ஓரம் குழியும், பிறகு கருவாடு போகும், கடைசியில் தட்டில் விரலால் வழித்த தடம் தெரியும். மனைவி காளியம்மாள் பூனையைச் சந்தேகப்பட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். பூனை இல்லை. வைரக்கண்ணுவுக்குப் பிடிக்காத கத்தரிக்காய் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. அதோடு காளியம்மாள் கத்தரிக்காய் வாங்குவதை விட்டார்.

அறுவடைக் கூலித் தகராறு முற்றிய வருஷம் அது. பண்ணையார் துரைராசு தன் மோட்டார் கொட்டகையில் வெடித்த குண்டில் இறந்துபோனார். கூலிச் சங்கத்தில் முன்னால் நின்ற வைரக்கண்ணுவைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், என்ன ஆதாரம், யார் சாட்சி என்று கேட்டதற்கு, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு எல்லாம் இரகசியம் என்றார்கள். சோற்றுச் செய்தி பரவியதும் ஒரு ஏட்டு வந்து தட்டுக்குக் காவல் உட்கார்ந்தார். கைதி எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதும் இரகசியமாகிவிட்டிருந்தது. சோறு தொடாமல் கிடந்த ஒருநாள் ஏட்டே மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சலா இருக்கும்மா. நாளைக்குக் கஞ்சி வச்சுப் பாருங்க." கஞ்சி தீர்ந்தது.

துரைராசுவின் மனைவி சாவித்திரி ஒரு மதியம் முதன்முறையாக அந்தத் தெருவுக்குள் வந்தார். சோறு குறைவதைக் கடைசிவரை பார்த்தார்.

"இந்தச் சட்டம் வேணும் காளியம்மா. குண்டு வச்சவனை வெளிய விட்டா இன்னொரு வீடு போயிடும்."

"வேணாங்கலீங்கம்மா. இவருதான் வச்சாருன்னா, எல்லாரும் கேக்குற மாதிரி கோர்ட்ல சொல்லட்டும்."

சாவித்திரி காலித் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் சொல்ல மாட்டேங்குறாங்க. செத்தது என் புருஷன்."

அடுத்த வாரம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் பட்டணத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊர் அதைப் பற்றித்தான் அந்த மாதம் முழுவதும் பேசியது. அரசு வக்கீல் பிடித்து வைத்த காரணத்தை நீதிபதியிடம் தனியறையில் சொன்னார். திரும்பி வந்த நீதிபதி இரண்டு பெண்களையும் நிமிர்ந்து பார்க்காமல் வழக்கைத் தள்ளிவைத்தார். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. ஆற்றில் தண்ணீர் சில வருஷம் வந்தது, சில வருஷம் வரவில்லை. சட்டம் காலாவதியானபோது வைரக்கண்ணுவை விசாரணையே இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சாவித்திரி அன்றே வந்து, வாழ்நாளில் முதன்முறையாக அவரை மரியாதையோடு கேட்டார்: "நீங்க செஞ்சீங்களா?"

"இல்லீங்கம்மா. யாருன்னு தெரியும்னுதான் போலீஸ்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்கிட்டயும் சொல்லல."

சாவித்திரி நம்பினாரா என்பது ஊருக்குத் தெரியாது. உண்மையைக் கேட்டுத் தொடர்ந்து மனுப் போட்டார்; சிலவற்றில் வைரக்கண்ணுவும் கையெழுத்திட்டார்.

சில வருஷம் கழித்து அந்தச் சட்டமே வேறு பெயரில் திரும்பி வந்தது. கூத்தாநல்லூர் ஹபீபுன்னிசா, தன் மகன் யூனுஸைக் கொண்டுபோன அன்று, விசாரித்துக்கொண்டு காளியம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"அவனுக்குப் பிடிச்சதா ஆக்கி வைங்க," என்றார் காளியம்மாள். "தட்டு காலியானா புள்ள உசுரோட இருக்கான். மத்ததை நாம போய்க் கேப்போம்."

ஹபீபுன்னிசா வீட்டுக்குப் போய் அரிசி களைந்தார்.