நரிமலை ராஜா

நரிமலையை ஹரிகிருஷ்ணன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதை நினைத்து மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தான். எல்லாம் அந்தச் சிநேகாவால் வந்த வினை.

நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவன் மேனேஜர். சிநேகா அவன் டீமில் வேலை பார்க்கும் பெண், கருங்குழிக்காரி. வருஷக் கடைசி மதிப்பீட்டில் அவளைப் பற்றி, 'சவால்களைக் கண்டால் பின்வாங்குகிறார்' என்று எழுதி வைத்தான் புண்ணியவான். மறுநாள் கேண்டீனில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அவள் சொன்னாள்: "சார் மொதல்ல எங்க ஊர் நரிமலைய என் டைமுக்குள்ள ஏறிட்டு வரட்டும். அப்புறம் சவாலப் பத்திப் பேசுவோம்."

சைக்கிள் பிரியர்கள் வைத்திருக்கும் ஆப் ஒன்றில், நரிமலை ஏற்றத்துக்கு முதல் பெயர் அவளுடையதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏறியது, பதினோரு நிமிடம் நாலு விநாடி. பெயருக்குப் பக்கத்தில் குட்டிக் கிரீடம் போட்டு 'மலை ராஜா' என்று வேறு எழுதியிருக்கும். பெண்ணானாலும் ராஜாதான், ஆப்புக்கு அந்த விவரமெல்லாம் கிடையாது.

நாற்பத்துமூன்று வயது மேனேஜருக்கு இது பொறுக்குமா? கிராவல் பைக் ஒன்று வாங்கிவிட்டான். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் தடித்த டயர். கல்லு, மண்ணு, வரப்பு எல்லாவற்றிலும் ஓடும். நம் ஊர்ப் பால்காரர் சைக்கிளும் இதையெல்லாம் ஐம்பது வருஷமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லை. பைக்கோடு தலையில் மாட்டும் கேமரா, கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டும் நீலச் சட்டை. சட்டை எல்லா இடத்திலும் ஒட்டியது, தொந்தியில் மட்டும் மேலேறிக்கொண்டது.

ஆபீஸ் குரூப்பில் அறிவிப்பும் போட்டான். 'ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி மலைச் சவால். முப்பது சைக்கிள். சனிக்கிழமை நானே போய் ரூட் பார்த்து வருகிறேன்.' ரூட் பார்ப்பதெல்லாம் சும்மா. யாரும் பார்க்காதபோது சிநேகாவின் கிரீடத்தைப் பிடுங்கிவிட வேண்டும், அதுதான் திட்டம். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் முன்னால் மானம் கப்பலேறும்.

சனிக்கிழமை காலை கருங்குழி தாண்டிக் காரை நிறுத்திவிட்டு, நரியம்பாக்கத்து ஏரிக்கரையில் சைக்கிளை ஏற்றினான். கரையெல்லாம் சரளை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மதகைத் தாண்டுவதற்குள் சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. அந்தக் கோடியில் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். வார்டு மெம்பர் ரெபேக்காள் கரைமேல் நின்று மறித்தாள்.

"நில்லு நைனா. இன்னா வண்டி இது?"

"கிராவல் பைக்மா" என்றான், பெருமையோடு.

வாய்க்காலில் குனிந்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அந்த ஊரில் கிராவல் என்றால் ஒரே அர்த்தம்தான். லாரி லாரியாக அள்ளிப் போகிறார்களே, அந்தச் செம்மண். பாவம், இவனுக்கு அது தெரியாது.

"கிராவலா? இங்க இன்னாத்துக்கு வந்துகீற?"

"ரூட் பாக்கத்தான். கிராவலுக்கு இந்த ஏரிப் பக்கம் அருமையா இருக்காமே."

"எத்தினி வண்டி வரும்?"

"நாளைக்கு முப்பது. நல்லா இருந்தா வாராவாரம் வரும்."

அவ்வளவுதான். மண்வெட்டியும் கூடையுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முன்சக்கரத்துக் கொக்கியைச் சுண்டினாள், சக்கரம் கையோடு வந்துவிட்டது. ஒரு சுண்டில் கழலும் என்பதுதான் அந்த சைக்கிளின் பெருமை என்று கடைக்காரன் அளந்திருந்தான். ரெபேக்காள் போனைப் போட்டாள். "டேய் கிருபா, கிராவல்காரன் ஒருத்தன் மாட்டிகினான். ஓடியா!"

அவளுடைய தம்பி கிருபாகரன் மொபெட்டில் வந்து இறங்கினான். ஹரிகிருஷ்ணனையும் முன்சக்கரம் போன சைக்கிளையும் சுற்றி வந்து பார்த்தான்.

"யக்கா, இது சைக்கிளு. இதுல ஒரு கூடை மண்ணு ஏறாது."

"ஏத்தறதுக்கு இல்லடா, எடம் பாக்க வந்துகீறான். தலையில கேமராவப் பாரு."

"ஐயோ, நான் மலை ஏற வந்தேங்க!" ஹரிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "நரிமலை. ஏறிட்டுப் போயிடறேன், வேற ஒண்ணுமில்ல."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எழுந்த சிரிப்பில் ஏரிக்கரை அதிர்ந்தது. ரெபேக்காள் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். கருவேலத்துக்கு அந்தப் பக்கம் அரை ஊர் அகலத்துக்கு ஒரு பள்ளம் கிடந்தது.

"அதான் நரிமலை. ஏறு."

ஹரிகிருஷ்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"கிராவல், கிராவல்னு மொத்தமா பேத்து எடுத்துகினு போய் மூணு வருசம் ஆவுது. நான் லாரிக்கு முன்னாடி படுத்துகூட பாத்தேன்" என்றாள். "அந்த லாரிய ஓட்டினு வந்தவன் யாருன்ற? தோ, இவன்தான்."

கிருபாகரன் தலையைச் சொறிந்தான். "ஆறு மாசம் அக்கா என்னாண்ட பேசல அண்ணாத்த. இப்ப ஆபீஸ் வேன் ஓட்றேன். உனுக்கு வூடு எங்க?"

"நாவலூர். அல்லிக்குளம் அபார்ட்மெண்ட்."

"அட! மூணாவது கேட்டாண்ட, பார்க்கிங்குக்கு ஒரு சரிவு ஏறுமே? அது நான் கொட்டின லோடுதான். அங்க இருந்த கொளத்த அடைச்சு மேடாக்கினதே நரிமலைதான்."

ரெபேக்காள் ஹரிகிருஷ்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "மலை மேல படுத்துத் தூங்கிகினு, மலையத் தேடி இங்க வந்துகீறான் பாரு."

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, நிஜம். ஆனால் கண் போனுக்குப் போயிற்று. ஆப்பின் வரைபடத்தில் நரிமலை இன்னும் பத்திரமாக இருந்தது. அடிவாரம் என்று அது குறித்திருந்த இடம் இந்தப் பள்ளத்தின் விளிம்பு, சிகரம் என்று குறித்திருந்த இடம் பள்ளத்தின் நட்டநடு. ஏற வேண்டாம், மிதிக்கக்கூட வேண்டாம், உருண்டால் போதும்.

"நான் மட்டும் உள்ள இறங்கிட்டு வரட்டுமா?"

"மலையத் தின்னவன்கூட இப்பிடி கேக்கல" என்று சொல்லிச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தாள் ரெபேக்காள். "போய்த் தொலை. நாளைக்கு முப்பது வண்டி வந்துச்சு, அறுவது டயரையும் கிழிச்சுடுவேன்."

லாரித் தடத்தில் சர்ரென்று இறங்கினான். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. போன் கிணிங்கென்றது. கிரீடம்! 'வாழ்த்துகள்! நீங்கள்தான் மலை ராஜா!' வாயெல்லாம் பல்லாக, பச்சைத் தண்ணீர் தேங்கிய குழியில் நின்றபடியே அதை ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டான்.

படத்தின் அடியில் ஆப் தன் பங்குக்கு இன்னொரு வரி சேர்த்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. 'ஏற்றம்: பூஜ்யம். இறக்கம்: பதினெட்டு மீட்டர்.' அவன் குழியிலிருந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் நாற்பது பேர் சிரித்து முடித்திருந்தார்கள். கடைசியாகச் சிநேகா எழுதியிருந்தாள்.

'வாழ்த்துகள் சார். நான் ஏறினப்போ அங்க மலை இருந்துச்சு. உங்க சவாலைக் கண்டு அதுவே பின்வாங்கிடுச்சு போல.'

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ரத்து என்று மட்டும் பதில் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினான். உச்சிவெயிலில் அல்லிக்குளத்தின் மூன்றாவது கேட்டுக்கு வந்தபோது, கார் தானாக நின்ற மாதிரி நின்றது. இரண்டு வருஷமாக ஏறி இறங்கிய சரிவுதான். ஓரத்தில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் சிவப்பாக மண் தெரிந்தது. இன்றைக்குத்தான் பார்த்தான்.

காரை ஓரங்கட்டி சைக்கிளை இறக்கினான். ஒரு தடவையாவது உண்மையாக ஏறிவிட வேண்டும் என்று தோன்றியது. ஹெல்மெட்டை இறுக்கி, பல்லைக் கடித்து மிதித்தான். பாதிச் சரிவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நெஞ்சு அடைத்தது. இறங்கவும் மனசில்லாமல் கைப்பிடியில் கவிழ்ந்து நின்றான்.

வாட்ச்மேன் முத்துசாமி ஓடி வந்து பின்னால் கை வைத்தார்.

"சார், தள்ளட்டுமா?"

மலை ராஜா தலையாட்டினான்.