இழுத்தால் அவிழும் முடிச்சு

எட்டு மணிக்குள் நாற்பது மரங்களுக்கும் ரிப்பன் கட்டியாக வேண்டும். ஆயாம்மா சிவப்பு ரிப்பன் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகக் கட்ட வேண்டும் என்பதால் குனியாமல் முடியாது. அந்த மழலையர் பள்ளிக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. காடுதான் வகுப்பு, ரிப்பன்தான் சுவர். மாலையில் அத்தனையையும் அவள்தான் அவிழ்க்க வேண்டும். மரத்தில் ஒரு நூல்கூடத் தங்கக்கூடாது என்று வனத்துறையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

முப்பத்தொரு வயதுக்காரியை டீச்சர் முதல் பொடிசுகள் வரை எல்லோரும் ஆயாம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளும் பழகிப்போயிருந்தாள்.

அன்று மகளும் கூட வந்திருந்தாள். வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் பாப்பா அந்த அக்காவின் ஒற்றை அறையில், டிவிக்கு முன்னால், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். காட்டுப் பிள்ளைகள் என்னென்ன செய்தார்கள் என்று இரவில் அம்மா சொல்லுவாள். உடனே தலையணை சேற்றுக்குட்டையாகும், கட்டில் மரமாகும், பாப்பா ஏறிக் குதிப்பாள்.

"ஏம்மா இப்படி கட்டுற?" என்று பாப்பா முடிச்சைப் பார்த்துக் கேட்டாள்.

"நுனிய இழுத்தா அவுந்துரும். இழுத்துப் பாரு."

பாப்பா இழுத்தாள். ரிப்பன் கையோடு வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாயங்காலம் எல்லாத்தையும் அவுக்கறதுக்குள்ள அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும். முடிச்சாவது லேசா இருக்கட்டும்னுதான்."

இரண்டு முறை டீச்சரிடம் மகளுக்கு இடம் கேட்டுப் பார்த்திருந்தாள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை என்று டீச்சர் இரண்டு முறையும் தன்மையாகவே சொன்னார். இன்றைக்கும் தன்மையாகத்தான் சொன்னார்.

"ஒரு நாள்தானே, இருக்கட்டும். ஆனா சாமான் கொட்டகைகிட்டயே உட்காரட்டும், ஆயாம்மா. பதிவில இல்லாத குழந்தை. விழுந்து கிழுந்து அடிபட்டா நான் பதில் சொல்லணும்."

கொட்டகை, ரிப்பன் வளையத்துக்கு வெளியே இருந்தது. பாப்பா அதன் வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சரிவில் சறுக்கினார்கள், எறும்பு வரிசையை எண்ணினார்கள், விழுந்த மரத்தைக் கப்பலாக்கி ஓட்டினார்கள். ஆயாம்மா நனைந்த காலுறைகளை மாற்றினாள், தண்ணீர் கேனைத் தூக்கினாள், மண்வெட்டி எடுத்துக் கழிப்பறைக் குழி வெட்டினாள். நடுநடுவே கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்தபோது மட்டும் பார்க்கவில்லை.

டீச்சர் தலை எண்ணினார். பதினொன்று. மறுபடியும் எண்ணினார்.

"நத்தை எங்கே?"

நடையில் எப்போதும் கடைசியாக வருகிறவனுக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் அது. ஆயாம்மா ஈரக்கையோடு ஓடினாள். சரிவின் பக்கம் ஒரு மரத்தில்கூட ரிப்பன் இல்லை. சரிவுக்குக் கீழே ஓடை இருந்தது. முள் கிழித்ததும் தெரியாமல் இறங்கினாள்.

ஓடைக்குப் பத்தடி முன்னால், பாசி பிடித்த கட்டையருகே அவன் குந்தியிருந்தான். உள்ளங்கையில் ஒரு வண்டு.

"ரிப்பன் வந்தா திரும்பணும்னு டீச்சர் சொன்னாங்க. நடந்துகிட்டே இருந்தேன் ஆயாம்மா. ரிப்பன் வரவே இல்ல."

அவனை இடுப்பில் சுமந்து மேலே ஏறி வந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்தா பாப்பா எதிரே ஓடி வர வேண்டும். பாவாடையை ஏந்திப் பிடித்திருந்தாள், அது நிறையச் சிவப்பு ரிப்பன். முகமெல்லாம் சிரிப்பு.

நத்தையை இறக்கிவிட்ட கை அப்படியே ஓங்கி மகளின் கன்னத்தில் இறங்கியது.

பன்னிரண்டு பிள்ளைகளும் வாய் திறந்து பார்த்தார்கள். ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். மகனைச் சீக்கிரமாக அழைத்துப்போக வந்திருந்த ஒரு தகப்பனார் பாதையில் அப்படியே நின்றுவிட்டார்.

பாப்பா அழவில்லை. அதுவரை அடி என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

"நீதானே சாயங்காலம் அவுக்கணும்னு சொன்ன. இடுப்பு ஒடியும்னு சொன்ன. நான் பாதி முடிச்சிட்டேன்மா."

பாவி, அடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஆயாம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அந்தத் தகப்பனாரிடம் பேசி அனுப்பிவிட்டு டீச்சர் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ரிப்பன் விஷயத்தை நான் சமாளிச்சுப்பேன். அது தெரியாம நடந்தது. சின்னப் பிள்ளை, செஞ்சு பார்த்துதானே கத்துக்கும்."

"சரிங்க டீச்சர்."

"ஆனா இங்க யாரும் ஒரு குழந்தைமேல கை வைக்கக்கூடாது. அதை நம்பித்தான் பெத்தவங்க விட்டுட்டுப் போறாங்க. பார்த்தவரு சும்மா இருக்க மாட்டாரு."

"எம் பொண்ணுதானே டீச்சர்."

"யாரா இருந்தாலும் குழந்தைதானே, ஆயாம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்."

டீச்சர் சொன்னதில் எதைத் தப்பென்று சொல்வது?

"இன்னும் ஒரு மணி நேரம் விளையாட்டு இருக்கு. அதுவரைக்கும் மட்டும் சரிவுப் பக்கம் திரும்பக் கட்டிடுங்க."

ஆயாம்மா மரத்துக்கு மரம் குனிந்தாள். பாப்பா பாவாடையிலிருந்து ஒவ்வொரு ரிப்பனாக எடுத்து நீட்டினாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. "வலிக்குதாடி கண்ணு?" என்று கேட்டாள் அம்மா. பாப்பா இல்லை என்று தலையாட்டினாள். வளையத்துக்கு உள்ளே, குட்டையில் யாரோ தொப்பென்று குதித்தார்கள், சேறு தெறித்தது, பிள்ளைகள் எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். பாப்பா அந்தப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்துவிட்டாள்.

கடைசி ரிப்பன் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்ததும் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் நகர்ந்து, கால் விரல்களை மரத்துக்கு இந்தப் பக்கமே ஒன்றாகச் சேர்த்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் எதையும் இழுக்கலம்மா. இங்கயே நிக்கிறேன்."