திறந்த பிறகு நீக்கியது

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்ற எண்ணை, வேலை முடியும்வரை நாங்களே பார்க்கக் கூடாது. ஆளுக்கொரு ஆசை இருக்கும், அது கையை இழுக்கும். அதனால் எல்லாத் தூரங்களையும் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி வைப்போம். அந்த எண் என் சக ஆய்வாளன் டேரியஸ் ஒட்டி வைத்த உறைக்குள் இருக்கும். எந்தெந்தக் கேலக்ஸிகளைச் சேர்க்கிறோம் என்று தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைக் கிழிப்போம்.

பதினெட்டு மாதம் என் வேலை பொங்கி அடங்கும் விண்மீன்களோடு. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் ஒரு புள்ளி எத்தனை நாளுக்கொருமுறை பொங்குகிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளி தெரியும். அது தெரிந்தால் தூரம் தெரியும். பதினோரு கேலக்ஸிகள், எண்ணூற்றுச் சொச்சம் புள்ளிகள். ஒன்று விடாமல் என் கண்ணால் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் டேரியஸ் உறையைக் கிழித்தான். திரையில் வந்தது 73.4.

யாரோ கை தட்டினார்கள். குழுத் தலைவர் பிரெஸ்டன் விட்கோம் தட்டவில்லை. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியிலிருந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு 67 வருகிறது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் வருடக்கணக்காகச் சண்டை. அடுத்த மாத மாநாட்டில் இரண்டையும் நெருங்க வைத்து அந்தச் சண்டையைத் தான் தீர்க்கப்போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் என்னையும் டேரியஸையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நோரீன், அந்த ஏழாவது கேலக்ஸி இருக்கே, அதுல விண்மீனெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு. பக்கத்துல இருக்கிறதோட வெளிச்சமும் சேர்ந்து வந்துடுது. அத எடுத்துட்டா 71.6."

"நெருக்கம் போன மாசமே தெரியும். நீங்கதான் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க."

"இப்ப யோசிச்சா அப்படித் தோணல."

"எண்ணப் பாத்த பிறகா?"

அவர் சிரித்தார். "கட்டுரையில, உறை திறக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டோம்னு எழுதிடு. ஒரு வரிதானே."

என் காது சூடானது. நான் டண்டாக் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரில் வளர்ந்தவள். அப்பா உருக்காலையில் பாரந்தூக்கியின் கீழே நின்று வேலை செய்தவர். விரிசல் விட்ட கொக்கியில் சிவப்புச் சுண்ணாம்பால் குறி போட்டு ஒதுக்கி வைப்பார்கள். ஒருநாள் அவசரம் என்று ஒரு மேற்பார்வையாளன் அந்தக் குறியைத் துணியால் துடைத்தான். அப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று. மேற்பார்வையாளனுக்கு ஒன்றும் போகவில்லை.

"இல்ல, கண்ணு," என்றேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் மேயரையும் மீன்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிரெஸ்டனை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னது?"

"எடுக்கணும்னா எடுங்க. ஆனா திறந்த பிறகு எடுத்தோம்னு எழுதணும்."

"அப்படி எழுதினா எவன் நம்புவான்?"

"அத அவங்க முடிவு பண்ணட்டும்."

"உன் ஒப்பந்தம் ஜூன் வரைக்கும்தான், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. காலண்டர் எங்க வீட்லயும் இருக்கு."

டேரியஸ் இருமிச் சிரிப்பை அடக்கினான்.

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நெருக்கம்தான் குற்றம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஏழாவதை நீக்கிய அதே அளவைப் பதினொன்றுக்கும் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதும் ஒன்பதாவதும் அதே அளவுக்கு நெரிசல். மூன்றையும் நீக்கிக் கணக்கை ஓட்டினேன். 73.6. அவருக்குப் பிடிக்காத எண் இன்னும் மேலே ஏறியிருந்தது.

சாயங்காலம் மடிக்கணினியோடு அவர் அறைக்குத் திரும்பினேன். டேரியஸும் அங்கே இருந்தான். பிரெஸ்டன் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்த நெருக்கத்தையே விட்டுடலாம். பதினொண்ணும் இருக்கட்டும்," என்றார்.

"மத்தியானம் மோசமா இருந்த கேலக்ஸி, சாயங்காலம் திருந்திடுச்சாக்கும்," என்றான் டேரியஸ்.

"பதினொண்ணும் இருக்கட்டும். ஆனா எடுத்துப் பாத்ததையும் எழுதணும். மூணு எண்ணையும் போடணும், தேதியோட," என்றேன்.

"இது என் குழு, நோரீன்."

"தாள்ல இருக்கிறது என் கையெழுத்தும்தான். அந்த வரி இல்லன்னா என் பேர எடுத்துடுங்க. ஏன் எடுத்தாங்கன்னு யாராவது கேட்டா நானே சொல்றேன்."

"உறை என்கிட்ட இருந்தது," என்று டேரியஸ் மெதுவாகச் சொன்னான். "முதல்ல என்கிட்டத்தான் கேப்பாங்க. என் பேரையும் எடுத்துடுங்க."

பிரெஸ்டன் எங்களைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தத்தைப் பார்த்தபடி, "எழுதித் தொலை," என்றார்.

எழுதினேன். மறுநாள் காலை பார்த்தால் என் வரிக்கு முன்னால் அவர் நான்கு வார்த்தைகள் சேர்த்திருந்தார்: "ஆசிரியர்களில் ஒருவர் விருப்பப்படி, கூடுதலாக."

விருப்பமாம்! என் வீட்டுச் சமையலா இது, உப்புப் போடச் சொல்ல?

அந்த நான்கையும் அழித்தேன். திரும்ப வந்தன. திரும்ப அழித்தேன். மூன்றாம் முறை வரவில்லை. கட்டுரை 73.4 என்ற எண்ணோடு போயிற்று. பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கிறது: ஏழாவது கேலக்ஸியை நீக்கிப் பார்த்தது உறை திறந்த பிறகு.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் நீட்டிக்கவில்லை.