யாமினி காதுல விழுந்த சொல்லு

எல்லாருக்கும் வணக்கமுங்க. சௌக்கியமா இருக்கீங்களா? கை காலெல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? என்ற முழங்காலு இந்தக் குளிர்ல கொஞ்சம் மொரண்டு பண்ணுது, மத்தபடி நல்லா இருக்கறேன். நான் ராமாத்தாள். கடல் தாண்டி வந்து பிளெய்ன்ஸ்பரோவுல மகன் வீட்டுல இருக்கறேன். இன்னைக்குச் சனிக்கிழம. காலையில இருந்து உக்காந்தா நிக்கணும்போல இருக்குது, நின்னா உக்காரணும்போல இருக்குது. அதான் போன எடுத்து, பேசற மாதிரியே டைப் அடிக்கறேன்.

என்ற மருமவ யாமினி ஒரு மிடில் ஸ்கூல்ல வைஸ் பிரின்சிபால். இந்த வருசம் ஒரு பயிற்சிக்குப் போறா. பள்ளிக்கூடத்த நடத்தற பெரிய ஆளுங்களுக்கு மட்டும் நடக்கற பயிற்சி. நெறத்தப் பாத்து, இனத்தப் பாத்து புள்ளைங்கள வேற வேற மாதிரி நடத்துனா அதக் கண்டுபுடிக்கறது எப்படி, சரி பண்றது எப்படின்னு சொல்லிக் குடுக்கறாங்க. சனிக்கிழம ஆனா பார்சிப்பனிக்கு டிரைவ் பண்ணிட்டுப் போயிருவா. பாடம் எடுக்கறது லோரெட்டான்னு ஒரு ரிட்டயர்டு பிரின்சிபால், கறுப்பினத்து அம்மா. ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு கேஸ் குடுப்பாங்களாம். ஒரே தப்ப ரெண்டு பசங்க பண்ணுனா எவன் வீட்டுக்குப் போறான், எவன் கிளாசுக்குப் போறான், ஏன்? யாமினி பதில் சொன்னா எல்லாரும் தலைய ஆட்டுவாங்களாம். வீட்டுக்கு வந்து கையில கரண்டியோட எனக்கும் நடிச்சுக் காமிப்பா.

ஆனா ஒண்ணு பாருங்க, அந்தக் கேசுல எல்லாம் தப்பு பண்ற பையன் வெள்ளக்காரப் பையனாவே இருப்பான்.

இந்தச் செவ்வாக்கெழம நெசமாவே ஒரு கேஸ் வந்துருச்சு. மத்தியானம் யாமினி ஸ்கூல் கஃபட்டீரியா லைன்ல ரெண்டு எட்டாவது பசங்க இடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் மலீக், கறுப்பினத்துப் பையன். இன்னொருத்தன் க்ரிஷ், நம்ம தனபாக்கியத்தோட பேரன். தனம் எனக்கு ஊர்ப்பக்கம், இங்க அடுத்த பில்டிங்தான். ஒருத்தி வீட்டுக் கொழம்பு இன்னொருத்தி வீட்டுல இல்லாத நாளே கெடையாதுங்க.

இடிச்சதும் க்ரிஷ் திரும்பி, "போடா கருவாயா"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கறான். அர்த்தம் தெரியாட்டி என்னங்க, சொல்றவன் மூஞ்சி சொல்லிருமில்ல? மலீக் புடிச்சுத் தள்ளிட்டான். மேசையில பட்டு க்ரிஷுக்கு உதடு கிழிஞ்சு ரத்தம். பிரின்சிபால் வந்து விசாரிச்சாரு. "என்னைய என்னமோ சொல்லித் திட்டுனான்"னு மலீக் சொன்னான். "ஒண்ணுமே சொல்லல"ன்னான் இவன். கேமராவுல தள்ளுனது தெரிஞ்சுது, சொன்னது கேக்கல. மலீக்குக்கு அஞ்சு நாள் சஸ்பென்ஷன். அந்தப் பையன் ட்ரம்போன்னு ஒரு பெரிய ஊதுகுழல் வாசிக்கறவன். சனிக்கிழம கவுண்டி பேண்டுக்கு, அதான் ஜில்லா வாத்தியக் குழுவுக்கு, ஆளெடுக்கற ஆடிஷன். சஸ்பென்ஷன்ல இருந்தா ஸ்கூல் பேர்ல போக முடியாது.

அந்தக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்ச பெரியவ ஒருத்திதான் நின்னுட்டு இருந்தா. என்ற மருமவதான். அவ வாயத் தொறக்கல.

புதன்கெழம சாப்பிடறப்பத்தான் எங்ககிட்டச் சொன்னா. சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தாளே தவிர வாய்க்குப் போகல.

"அத்தை, நான் சொல்லிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லலன்னே தெரியல."

என்ற மகன் ஜெயபிரகாஷ், "நானும் க்ரிஷோட அப்பன் கதிரும் டெய்லி ஒரே கார்ல ட்ரெய்ன் ஸ்டேஷனுக்குப் போறோம். இத ஆஃபீஷியலா ஆக்காத யாமினி. அந்தப் பையனுக்கு வேற ஏதாச்சும் ஹெல்ப் பண்ணு"ன்னான்.

"வேற என்ன ஹெல்ப்?"

அவன் தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுட்டான்.

வியாழக்கெழம சாயந்தரம் பெல் அடிச்சுது. தனம், கதிர், க்ரிஷ் மூணு பேரும். தனம் கையில ஒரு பை நெறைய ஆரஞ்சு, முறுக்கு. மறுநா காலையில மலீக்கோட அம்மா டெனிஸ் ஸ்கூலுக்கு வர்றாங்கன்னு எப்படியோ அவங்க காதுக்கு வந்திருக்குது. யாமினி டீ வெச்சுட்டு இருந்தா.

"யாமினி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்"னான் கதிர். "அந்தம்மா ரேசிசம்னு கம்ப்ளெயின்ட் பண்ணப் போறாங்களாம். இவனோட ரெக்கார்டுல ஏறுச்சுன்னா ஹைஸ்கூல், காலேஜ் எல்லாம் ஸ்பாயில் ஆயிரும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேக்கலன்னு சொன்னாப் போதும்."

"கேட்டுதே கதிர்."

"அட, அது என்ன கெட்ட வார்த்தையா கண்ணு?" தனம் பாஞ்சு வந்தா. "செல்லமாச் சொல்றது. எங்க வீட்டுல தெனமும் பத்து தடவ சொல்லுவோம். ஏனுங்கக்கா, நீங்களே சொல்லுங்க. அது திட்டா?"

எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. பத்து வீட்டுக் கதையப் பேசற வாய் எனக்கு. அன்னைக்குப் பாருங்க, வழுக்கிட்டுத்தான் பதில் வந்துது. "அது... சொல்ற வாயப் பொறுத்ததுமா"ன்னேன்.

"பாத்தியா! அக்காவே சொல்லிட்டாங்க!" தனத்துக்குத் தெம்பு வந்துருச்சு. "ஏன், உங்க கல்யாணத்துல உன்னையவே நாங்க கருவாச்சி கருவாச்சின்னுதான பேசிக்கிட்டோம்? செவத்த பையனுக்குக் கருவாச்சி வாச்சுட்டாள்னு உங்க பெரியம்மாவே கேலி பண்ணல? நீ கோவிச்சியா?"

டீ டம்ளர்களத் தட்டுல வெச்சு எடுத்துட்டு வந்தவ அப்படியே நின்னா.

"கோவிச்சேன் ஆன்ட்டி. யாரும் கேக்கல."

தட்ட வெச்சா. ஒரு டம்ளர்கூடச் சிந்தல. நேரா க்ரிஷ் முன்னால போய்த் தரையில உக்காந்துட்டா. அவன் வீங்குன உதட்டோட சோபாவுல ஒடுங்கிக் கெடந்தான்.

"க்ரிஷ், செல்லமாவா சொன்ன?"

அவன் எப்பவும் இங்கிலீசுலதான் பதில் சொல்லுவான். "நோ," அப்படின்னான். அப்புறம் மெதுவா, "இங்கிலீஷ்ல சொல்லிருந்தா ட்ரபிள் ஆயிருக்கும். தமிழ் அங்க யாருக்கும் தெரியாதுன்னு..." பாதி இங்கிலீசு, பாதி முழுங்கிட்டான். எனக்கே புரிஞ்சுபோச்சு. யாருக்கும் புரியாதுன்னுதான் அந்த வார்த்தையவே எடுத்திருக்கறான்.

"உன்னைய எவன்டா வாயத் தொறக்கச் சொன்னது?" கதிர் கத்திட்டு எந்திரிச்சான். "கெளம்புங்கம்மா. நம்மாளு ஒருத்தி பெரிய பதவிக்குப் போனா நமக்கு ஒரு சப்போர்ட்டுன்னு நெனச்சோம் பாரு. அந்த ட்ரெய்னிங்குல நம்ம புள்ளைங்களக் காட்டிக் குடுக்கத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"ஆரஞ்ச எடுத்துட்டுப் போங்க கதிர்"னா யாமினி. கோவமாச் சொல்லல. "நாளைக்கு வர்ற மலீக்கோட அம்மாவுக்கு, இப்படிப் பழத்தோட வந்து பேசறதுக்கு, என் வீடு எங்க இருக்குதுன்னு தெரியாது. அவங்க ஆபீஸ் வாசல்லதான் உக்காந்திருப்பாங்க."

தனம் என்னையப் பாக்காமயே செருப்ப மாட்டுனா.

வெள்ளிக்கெழம பூராவும் எனக்கு வேல ஓடலைங்க. பாலப் பொங்க விட்டேன். பார்க்கிங் லாட்டச் சுத்திச் சுத்தி நடந்தேன். தனம் பில்டிங் பக்கம் போனாக் காலு தானாத் திரும்புது. ஜெயபிரகாஷ் தனியா டிரைவ் பண்ணிட்டுப் போனான்.

சாயந்தரம் யாமினி வந்தா. ஷூவக்கூடக் கழட்டாம சொன்னா. பிரின்சிபால் முன்னாலயும் டெனிஸ் முன்னாலயும் அந்த வார்த்தையச் சொல்லி, அர்த்தத்தச் சொல்லி, எந்த நோக்கத்துல சொன்னான்னும் சொல்லிட்டாளாம். பிரின்சிபால் மொதல்ல, "வெளிய இருந்து வேற மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரக் கேட்டுரலாமா, நீங்க அதே கம்யூனிட்டியாச்சே"ன்னாராம். "அதே கம்யூனிட்டிங்கறதாலதான் சொல்றேன்"னாளாம் இவ. கடைசியில மலீக்கோட சஸ்பென்ஷன எடுத்துட்டாங்க. தள்ளுனதுக்கு அவனும், சொன்னதுக்கு க்ரிஷும், ஒரே மாதிரி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு டீச்சரோட உக்காந்து பேசற தண்டன. சனிக்கிழம ஆடிஷனுக்கு அவன் போலாம்.

"அப்புறம் என்ன சாமி, நல்லதாத்தான முடிஞ்சுது?"ன்னேன்.

"டெனிஸ் ஒண்ணு கேட்டாங்க அத்தை. 'செவ்வாக்கெழமயே உனக்குப் புரிஞ்சுதா?'ன்னு. ஆமான்னேன். 'என் புள்ள மூணு நாளா ட்ரம்போன் பொட்டியத் தொறக்காம படுத்திருந்தான். அந்த மூணு நாளும் உன் மொழிய நீ மறந்துட்டியா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாரின்னேன். அவங்க கைய நீட்டல. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

இன்னைக்குக் காலையில பார்சிப்பனிக்குக் கெளம்பறப்ப, லோரெட்டாம்மா குடுத்த கேச எடுத்துக்கல. இதையே கிளாசுல சொல்லப் போறாளாம். க்ரிஷ் சொன்னத மட்டுமில்ல, இவ சொல்லாம இருந்ததையும். இன்னைக்கு யாரும் தலைய ஆட்ட மாட்டாங்க அத்தைன்னு சொல்லிட்டுக் கார எடுத்தா. இந்நேரத்துக்கு அந்தப் பையன் வாசிச்சுட்டு இருப்பான். எப்படி வாசிக்கறானோ, மூணு நாள் கையே படலியே.

தனத்துக்கு நாலு தடவ போன் பண்ணிட்டேன். எடுக்கல. கொழம்பு ஆறிட்டுக் கெடக்குது. கொண்டுபோய்க் கதவத் தட்டலாமா வேண்டாமான்னு இருக்கறேன். தட்டுனா என்ன சொல்றது? உன்ற பேரன் தப்பு பண்ணலைன்னு என்னால சொல்ல முடியாதுங்க. அவளும் அதத் தவிர வேற எதையும் காதுல போட்டுக்க மாட்டா.

உங்க பக்கம் இப்படி நடந்திருக்குதுங்களா? நம்மாளுக்கு எதிரா ஒரு வார்த்த சொல்ல வேண்டி வந்து, சொன்னீங்களா, முழுங்குனீங்களா? சொன்னதுக்கு அப்புறம் அந்த வீட்டுக் கதவு தொறந்துச்சா? யாமினிக்கும் படிச்சுக் காமிக்கறேன், எனக்கு எழுதுங்க.